எச்சில் காற்று

கேக் சுடுவதற்கு எனக்குக் கை வராது. அதனால் வாழ்க்கையில் நான் செய்த தப்புகளுக்கெல்லாம் கடைக் கேக்தான் பரிகாரம். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், மெரெட்டே, நீங்கள் விசாரிக்க வந்திருக்கிற விஷயம் ஒரு கேக்கில் தொடங்கி இன்னொரு கேக்கில் முடிகிறது. நடுவில்தான் காற்றாலை வருகிறது.

உங்கள் காவல் நிலையத்திலும் இந்த வழக்கம் இருக்கும். வேலையில் அசட்டுத்தனமாக எதையாவது செய்துவைத்தவர் அடுத்த வெள்ளிக்கிழமை காலைச் சாப்பாட்டு மேசையில் ஒரு கேக் வைக்க வேண்டும். ரோந்து வண்டியில் பெட்ரோலுக்குப் பதில் டீசலை ஊற்றியவர், கைவிலங்கைத் தன் கையிலேயே மாட்டிப் பார்த்துவிட்டுச் சாவியைத் தேடியவர், இப்படி யாராவது. "யாரோட கேக்?" என்று ஒருத்தர் கேட்பார். "என்னோடது" என்று இன்னொருத்தர் தலையைச் சொறிவார். எல்லோரும் சிரித்து, ஆளுக்கொரு துண்டு தின்றுவிட்டால் கணக்குத் தீர்ந்தது. அதன் பிறகு அந்தத் தப்பைப் பற்றி யாரும் பேசக்கூடாது. நல்ல விதி அது. நம் டென்மார்க்கில் பாதி நட்புகள் இந்தக் கேக்கினால்தான் பிழைத்துக்கொண்டிருக்கின்றன.

என் புகழ்பெற்ற கேக்கைப் பற்றிச் சொல்கிறேன். அதற்கு என் வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கொட்டாவி வந்தால் விட்டுக்கொள்ளுங்கள், மாணவர்கள் எல்லோரும் விடுவார்கள்.

எங்கள் ஆராய்ச்சி நிலையத்தின் ஜன்னலிலிருந்து பார்த்தால் ஃப்யோர்டின் கடல்கழிக்கு இந்தப் பக்கம் வரிசை வரிசையாகக் காற்றாலைகள் தெரியும். முதல் வரிசையில் நிற்பவை கடலிலிருந்து வரும் காற்றைப் புதிதாகச் சாப்பிடுகின்றன. சாப்பிட்டுவிட்டு மிச்சத்தைப் பின்னால் துப்புகின்றன. அந்த மிச்சம் வேகம் குறைந்து, கலங்கி, சுழன்றுகொண்டே போய்ப் பின்வரிசையின் முகத்தில் விழும். எங்கள் கட்டுரைகளில் அதற்கு மரியாதையான பெயர் உண்டு. எனக்கு அது எச்சில் காற்றுதான். எச்சில் காற்றில் சுற்றுகிற இறக்கைக்கு வருமானம் குறைவு, உடம்பு வலி அதிகம். அதனால் முன்னால் நிற்பவனைக் காற்றுக்கு நேராக நிற்க விடாமல் முகத்தைக் கொஞ்சம் ஒருக்களித்து வைத்தால், எச்சில் பக்கவாட்டில் ஒதுங்கிப் போகும். முன்னவனுக்குக் கொஞ்சம் நஷ்டம், பின்னவனுக்கு நிறைய லாபம். மொத்தத்தில் எல்லோரும் பிழைக்கலாம். யார் எவ்வளவு முகத்தைத் திருப்ப வேண்டும் என்ற அட்டவணைகளை எழுதுவது என் வேலை. காற்று வரும் ஒவ்வொரு திசைக்கும் ஒரு தனி அட்டவணை. விட்டுக்கொடுப்பதைக் கணக்காக எழுதியதற்கு எனக்கு முனைவர் பட்டம் கொடுத்தார்கள். மனிதர்களிடம் நான் அதைப் பரீட்சித்துப் பார்த்ததில்லை.

ஒரு வசந்த காலத்தில் புது அட்டவணைகளை ஏற்றினேன். எங்கள் நிலையத்தில் வலப்பக்கம் திரும்புவது கூட்டல். இயந்திரத்தைச் செய்த கம்பெனிக்கு வலப்பக்கம் கழித்தல். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோரும் ஒரு தடவையாவது விழுகிற குழி இது. குழிக்கு முன்னால் பலகை வைத்து எச்சரித்துக் கட்டுரை எழுதியவனே நான்தான். அப்புறம் நானே விழுந்தேன். முதல் வரிசை மொத்தமும் தப்பான பக்கம் திரும்பி, ஒதுங்க வேண்டிய எச்சிலை அக்கறையாகக் குறிபார்த்துப் பின்வரிசையின் மேல் துப்பியது.

ஜன்னலோரம் காபியோடு நின்ற தோர்கில்தான் முதலில் பார்த்தான். தோர்கில் எங்கள் பிரிவின் தலைவன். பெரிய உடம்பு, சின்னக் குரல். நானும் அவனும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

"ஹோல்கெர், உன் காத்தாடிங்களுக்கும் உனக்கும் ஏதாவது சண்டையாப்பா? எல்லாம் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நிக்குது."

நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். அன்று காற்று நேர் மேற்கு. மேற்கு அட்டவணையைத் திறந்து குறியை மாற்றினேன். காபி ஆறுவதற்குள் இயந்திரங்கள் சமாதானமாகித் திரும்பிக்கொண்டன. எல்லோரும் கை தட்டினார்கள். அந்த வெள்ளிக்கிழமை ஒரு கனவுக் கேக் வாங்கி வைத்தேன். மேலே தேங்காயும் பழுப்புச் சர்க்கரையும் உருக்கி ஊற்றியிருப்பார்களே, அதுதான். "யாரோட கேக்?" என்று கேட்டவள் இங்கலிஸ். எங்கள் நிலையத்தின் கதவு முதல் சம்பளம் வரை எல்லாவற்றுக்கும் சாவி அவளிடம்தான். என் முகம் சிவந்ததைப் பார்த்துவிட்டு, "உனக்கு வலது எது, இடது எதுன்னு கையில எழுதி விடட்டுமா?" என்றாள். தின்றோம். முடிந்தது.

அப்படித்தான் நினைத்தேன் என்று சொல்லப்போகிறேன் என எதிர்பார்க்கிறீர்கள். இல்லை. அது நிஜமாகவே முடிந்துவிட்டது. சிரிப்பதற்காகத்தான் சொன்னேன். அதன் பிறகு நான் அவ்வளவாகச் சிரிக்கவில்லை.

என் தம்பி மால்தே என்னைவிட ரொம்பச் சின்னவன். அவன் நடக்கப் பழகும்போது அப்பா ஃப்யோர்டில் விலாங்கு பிடிக்கப் போய்த் திரும்பவில்லை. அம்மா அதற்குப் பின் அரைகுறையாகத்தான் இருந்தாள். அவனுக்குக் கறுப்பு ரை ரொட்டியில் ஈரல் விழுது தடவிப் பள்ளிக்குக் கட்டிக்கொடுத்தது நான். அவன் ரப்பர் பூட்ஸில் பெயர் எழுதியது நான். கணக்கு அவனுக்கு ஏறவில்லை, ஆனால் கோபுரம் ஏறினான். பூனைபோல ஏறுவான். காற்றாலை பராமரிக்கும் வேலையில் அவனை எங்கள் நிலையத்திலேயே சேர்த்துவிட்டதும் நான். நீங்கள் கேட்காவிட்டாலும் இதைச் சொல்லியாக வேண்டும்.

"அண்ணா, நீ உள்ள உக்காந்து காத்துக்கு டீச்சர் வேலை பாக்குற. நான் மேல ஏறி அதுங்களுக்கு மூக்கு தொடச்சு விடுறேன். ரெண்டு பேருக்கும் ஒரே சம்பளம் குடுக்கணும் பாத்துக்க." ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இதையே சொல்வான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவனே முதலில் சிரிப்பான்.

என் அசட்டுக் கேக்குக்கு அடுத்த வருஷம், குளிர் முடிகிற சமயம், ஆறாம் எண் காற்றாலைக்கு எண்ணெய் போடப் போனான். வண்டியை நிறுத்திவிட்டு அடிக்கதவை நோக்கி நடந்துகொண்டிருந்தான். அவனுக்காக இயந்திரம் மெதுவாக வேகம் குறைந்துகொண்டிருந்தது. முழுதாக நிற்பதற்குள் ஓர் இறக்கை கழன்று விழுந்தது. மால்தே தலைக்கவசம் போட்டிருந்தான். எல்லா விதிகளையும் கடைப்பிடித்திருந்தான்.

நிலையத்தின் உள்விசாரணையைத் தோர்கில் நடத்தினான். தென்மேற்குக் காற்று அடிக்கும்போதெல்லாம் ஆறாம் எண்ணின் இறக்கைகளில் பாதி எச்சில் காற்றிலும் பாதி நல்ல காற்றிலும் சுற்றியிருக்கின்றன. அப்படிச் சுற்றுவதுதான் இருப்பதிலேயே கெட்டது. கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? இறக்கையின் அடியிலிருந்த போல்ட்டுகள் களைத்துப்போய் அறுந்தன. அறிக்கையில் இவ்வளவுதான். போல்ட்டின் அளவு இருந்தது, உலோகத்தின் பெயர் இருந்தது. மனிதர் பெயர் ஒன்றுகூட இல்லை.

காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் அவனை நிறுத்திக் கேட்டேன்.

"யாரு பண்ணின தப்பு, தோர்கில்?"

"போல்ட்டு களைச்சுப்போச்சு, ஹோல்கெர்."

"களைக்க வச்சது யாரு?"

"காத்து."

"காத்துக்கு வழி சொல்றது நம்மதானே?"

அவன் என் கோப்பையை வாங்கி, தானே காபி பிடித்து, நான் போடாத சர்க்கரையைப் போட்டுக் கலக்கிக் கொடுத்தான். "வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் தூங்குப்பா" என்றான்.

அதற்குப் பிறகும் கேட்டேன். கோடையில் கேட்டேன், பனியில் கேட்டேன். மருத்துவரைப் பார்த்தாயா என்பான், மீன் பிடிக்கப் போவோமா என்பான், என் தோளைத் தட்டுவான். நேராக ஒரு பதில் கிடையாது. முகத்தை ஒருக்களித்துக்கொள்ள அவனுக்கு யாரும் அட்டவணை எழுதித்தர வேண்டியிருக்கவில்லை.

அறிக்கை வந்த வாரத்து வெள்ளிக்கிழமை மேசையில் ஒரு கேக் இருந்தது. அந்த மேசையில் கேக் என்றால் என்ன அர்த்தமென்று உங்களுக்குத் தெரியும். இங்கலிஸ் பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டாள்: "யாரோட கேக்?" கேட்ட பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.

தோர்கில் கத்தியைக் கையில் எடுத்து, "என்னோடதுன்னு வச்சுக்க" என்றான். ஒவ்வொருவருக்கும் வெட்டிக் கொடுத்தான். என்னிடம் வந்தபோது தட்டை நீட்டினான். என் கண்ணைப் பார்க்கவில்லை. நான் வாங்கிச் சாப்பிட்டேன். அதுவும் கனவுக் கேக். தேங்காய் லேசாகக் கருகியிருந்தது. கடைக் கேக் இல்லை, அவனே சுட்டது. என் தம்பிக்கு ஈடாக அவன் எனக்குக் கொடுத்தது ஒரு துண்டு கேக். விதிப்படி அதைத் தின்ற பிறகு நான் பேசக்கூடாது. அன்று மட்டும் பேசவில்லை.

ஆனாலும் நான் ஆராய்ச்சியாளன். ஒரு கேக்கை வைத்து ஒருவனுக்குத் தீர்ப்பு எழுத மாட்டேன். தென்மேற்கு அட்டவணையைத் திறந்து பார்த்தேன். அந்த அட்டவணைகளை யார் யார் எப்போது எழுதினோம் என்று எனக்குச் சரியாக நினைவில்லை. நிறைய இருந்தன. தோர்கிலும் சில எழுதியிருக்கிறான். இரண்டாம் எண்ணுக்கு நேராக ஒரு குறி மாற்றப்பட்டிருந்தது. கழித்தல் கூட்டலாகியிருந்தது. தென்மேற்கில் இரண்டாம் எண்ணின் எச்சில்தான் ஆறாம் எண்ணுக்குப் போகும். மாற்றியவன் தோர்கில் என்று பக்கத்திலிருந்த மாற்றப் பதிவு சொன்னது. மாற்றிய நாள், நாங்கள் மால்தேவைப் புதைத்த நாள். எல்லோரும் தேவாலயத்தில் இருந்தபோது அவன் தாமதமாக வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தது ஏன் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கையைக் கழுவிவிட்டு வந்திருக்கிறான்.

அந்த வரிக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. அதற்கு முன்னால் அந்தக் குறியைப் போட்டது யார், எப்போது என்று. நான் அதுவரை போகவில்லை. தேவையானது கிடைத்த பிறகு மேலும் மேலும் தோண்டுவது நல்ல ஆராய்ச்சி முறை அல்ல.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். நான் எதையும் வெட்டவில்லை, யாரையும் தள்ளவில்லை. இதைத் தப்பிக்கச் சொல்லவில்லை, துல்லியத்துக்காகச் சொல்கிறேன்.

ஆறாம் எண்ணுக்குப் புது இறக்கைகள் வந்தன. அதற்கு எதிரே தோர்கில் ஒரு பெஞ்சு போட்டான். மரப் பெஞ்சு, பெயர்ப்பலகை எதுவும் இல்லை. வெள்ளிக்கிழமை மதியமானால் ரொட்டிப் பெட்டியையும் காபிக் குடுவையையும் எடுத்துக்கொண்டு அங்கே போய்விடுவான். மழையிலும் போவான். என் தம்பி விழுந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு ஊறவைத்த ஹெர்ரிங் மீன் தின்கிற மனிதனை ஜன்னலிலிருந்து நான் வாராவாரம் பார்த்தேன். மனசில் அவனுக்கு எதுவும் ஒட்டவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

மால்தே போன விதத்திலேயே அவனும் போக வேண்டும் என்று தோன்றியது. அதே போல்ட்டு, அதே காற்று. கண்ணியமான யோசனைதான் அது, அதிகமாக எதுவும் கேட்கவில்லை.

ஒரு சின்னச் சிக்கல் இருந்தது. விபத்துக்குப் பிறகு தோர்கில் ஒரு விதி கொண்டுவந்தான். அட்டவணையில் யார் எதை மாற்றினாலும் இரண்டாமவர் ஒருவர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். எனக்கு இரண்டாமவர் தோர்கில்தான். என் தோளுக்குப் பின்னால் நின்று, திரையில் விரலை வைத்து, உதடு அசைய, "கூட்டல், கூட்டல், கழித்தல், கூட்டல்" என்று வரி வரியாகப் படிப்பான். முதல் வகுப்புப் பையனுக்கு வாய்ப்பாடு பார்ப்பதுபோல. மற்றவர்களுடைய அட்டவணைகளை இவ்வளவு சிரத்தையாகப் பார்க்க மாட்டான். எனக்கு அவமானமாக இருந்தது. வலது இடது தெரியாதவன் என்ற பழைய கிண்டலை இன்னும் விடவில்லையே என்று.

அதனால் அட்டவணையை நான் தொடவில்லை. ஒவ்வொரு காற்றாலையின் முதுகிலும் ஒரு சின்ன வால் இருக்கிறது, காற்று எங்கிருந்து வருகிறது என்று அதுதான் இயந்திரத்துக்குச் சொல்லும். இரண்டாம் எண்ணின் வாலுக்கு ஒரு பொய் சொல்லிக்கொடுத்தேன். சில டிகிரிப் பொய். அதன் பிறகு அது நல்ல பிள்ளையாக அட்டவணைப்படி திரும்பி, தப்பான இடத்தில் போய் நின்றது. தென்மேற்குக் காற்று வீசும்போதெல்லாம் அதன் எச்சில் ஆறாம் எண்ணின் பாதி முகத்தில் விழுந்தது. இறக்கைகள் அளவுக்கு மீறி வளைந்தால் கத்துகிற எச்சரிக்கை மணி ஒன்று உண்டு. அதைத் தாலாட்டித் தூங்க வைத்தேன். அவ்வளவுதான் என் பங்கு. தேதியைக் காற்றிடம் விட்டுவிட்டேன்.

இரண்டு குளிர்காலம் காத்திருந்தேன். நான் பொறுமைசாலி இல்லை, பஸ்ஸுக்குக்கூடக் காத்திருக்க மாட்டேன். இது எப்படியோ முடிந்தது. காலையில் எழுந்ததும் முதலில் காற்றின் திசையைப் பார்ப்பேன். தென்மேற்கு என்றால் பசி நன்றாக எடுக்கும்.

மால்தேவின் கூட்டாளிகள் அந்தக் கோபுரத்தில் ஏறினார்கள். "ஹோல்கெர், கையாட்டுறோம், பாத்துக்கிட்டிரு" என்று கீழிருந்து கத்திவிட்டு ஏறுவார்கள். நான் ஜன்னலிலிருந்து கையாட்டினேன். ஒருமுறை பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிவந்து ஓர் ஆசிரியை அந்தப் பெஞ்சைச் சுற்றி உட்காரவைத்துச் சாறு கொடுத்தாள். அன்று நான் இரண்டு தடவை எழுந்து நின்றேன். பிறகு உட்கார்ந்துவிட்டேன். காற்று லேசாகத்தான் இருந்தது.

கிறிஸ்துமஸுக்குத் தோர்கில் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டான். இரண்டு வருஷமும் கூப்பிட்டான். தனியாக இருக்கக்கூடாது என்பான். வாத்து வறுத்திருந்தான். சாப்பிட்டபின் வழக்கப்படி எல்லோரும் கைகோத்து மரத்தைச் சுற்றிப் பாடினோம். என் இடது கை அவன் கையில். அவன் உள்ளங்கை எப்போதும் சூடாக இருக்கும். பாட்டில் எனக்கு வார்த்தை மறந்துபோனது, ஏனென்றால் ஜன்னலுக்கு வெளியே நல்ல தென்மேற்குக் காற்று. ஆறாம் எண் அந்நேரம் எப்படி வளைந்துகொண்டிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே சுற்றினேன்.

"என்னப்பா, பாட்ட மறந்துட்டியா?" என்றான்.

"குரல் சரியில்ல" என்றேன்.

வீட்டுக்குக் கிளம்பும்போது மிச்ச வாத்தைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தான். அடுத்த நாள் அதையும் சாப்பிட்டேன். எனக்கு உணவை வீணாக்கப் பிடிக்காது.

இரண்டாம் குளிர்காலத்தில், பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை. நான் நிலையத்தின் சமையலறையில் ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை இதற்கு முன் கேட்டதில்லை, ஆனால் இதுதான் என்று தெரிந்தது. எல்லோரும் கோட்டுகூட இல்லாமல் ஓடினார்கள். வெளியே மழை, நான் கோட்டை மாட்டிக்கொண்டு கடைசியாகப் போனேன்.

பெஞ்சு இரண்டாகக் கிடந்தது. தோர்கிலின் கால்கள் இரண்டும் இறக்கையின் துண்டுக்கு அடியில் இருந்தன. முகம் மாவுபோல இருந்தது, ஆனால் கண் திறந்திருந்தது. ரொட்டிப் பெட்டி ஒரு கீறலும் இல்லாமல் புல்லில் உட்கார்ந்திருந்தது. மற்றவர்கள் எதையோ தூக்கிக்கொண்டும் யாரையோ அழைத்துக்கொண்டும் இருந்தார்கள். நான் அவன் பக்கத்தில் மண்டியிட்டுக் கையைப் பிடித்தேன். அன்று அது சூடாக இல்லை. காதருகே குனிந்து கேட்டேன்.

"இப்பவாவது சொல்லு. மால்தேவைக் கொன்னது யாரு?"

அவன் என்னை நன்றாகப் பார்த்தான். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக முகத்தைத் திருப்பாமல் பார்த்தான். பிறகு சொன்னான்: "தள்ளி நில்லு, ஹோல்கெர். மேல இன்னும் ரெண்டு இருக்கு. உன் மேல விழுந்துரப்போகுது."

அப்போதும் நேரான பதில் இல்லை. அந்த நிலைமையிலும் ஒரு மனிதன் நழுவுகிறானே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. வேறெதுவும் வந்ததா என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. அன்று ராத்திரி சாப்பிடவில்லை, அது மட்டும் நிஜம்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை நான் ஒரு கேக் வாங்கிக்கொண்டு போனேன். யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. போல்ட்டுத் தொழிற்சாலையைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்கள். நான் வாங்காமலே இருந்திருக்கலாம். ஆனால் விதி என்று ஒன்று இருக்கிறதல்லவா. செய்தவன் கேக் வைக்க வேண்டும். நான் தோர்கில் இல்லை, என்னோடதுன்னு வச்சுக்க என்று இழுக்க மாட்டேன்.

மேசையில் வைத்தேன். இங்கலிஸ் வந்து பார்த்தாள். மெதுவாகத்தான் கேட்டாள்.

"யாரோட கேக், ஹோல்கெர்?"

"என்னோடது."

"நீ என்ன பண்ணின? கோப்பைய உடைச்சியா?"

"ஆறாம் எண்."

அவள் சிரிக்க ஆரம்பித்து நடுவில் நிறுத்திக்கொண்டாள். என் முகத்தையே பார்த்தாள். "வெளையாடாதடா" என்றாள். நான் கத்தியை எடுத்து அவளுக்கு ஒரு துண்டு வெட்டி நீட்டினேன். அவள் வாங்கவில்லை. அந்த மேசையில் ஒருத்தர் கேக்கை வேண்டாமென்றது அதுதான் முதல் தடவை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உங்களைக் கூப்பிட்டாள். நீங்கள் வருகிறவரை நான் ஒரு துண்டு சாப்பிட்டேன். சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை.

எழுதிக்கொள்ளுங்கள்: தோர்கிலைக் கொல்ல விரும்பியவன் நான். இரண்டாம் எண்ணின் வாலைத் திருப்பியவன் நான். மணியைத் தூங்கவைத்தவன் நான். அந்தப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தபோது எழுந்து போய்ச் சரிசெய்யாதவனும் நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். வருத்தப்படுகிறேனா என்று கேட்டால், அவன் பிழைத்துக்கொண்டானே என்று ஒரு நாளும், பிழைத்துக்கொண்டானே என்று மறுநாளும் நினைக்கிறேன். இரண்டையும் ஒரே வார்த்தையில்தான் நினைக்கிறேன், குரல்தான் வேறு.

என் தம்பியின் பூட்ஸ் இன்னும் என் வீட்டு வாசலில் இருக்கிறது. பெரிய கால் அவனுக்கு. உள்பக்கம் பெயர் எழுதியிருப்பேன், பழக்கம் விடவில்லை. வளர்ந்த ஆளுக்கு ஏன் பெயர் எழுதுகிறாய் என்று கேலி செய்வான். ஒருவன் கீழே நம்பி நடக்கும்போது மேலே இருப்பவற்றை யாராவது ஒழுங்காகப் பார்த்துக்கொள்ள வேண்டாமா? ஒரு குறி. ஒரே ஒரு குறியைச் சரியாகப் போடத் தெரியாதவனை நான் எப்படி மன்னிப்பேன், மெரெட்டே? மன்னிக்கக் கேட்டிருந்தால்கூட யோசித்திருப்பேன். நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவன் வாயிலிருந்து அந்த ஒரு வார்த்தை வரவே இல்லை.

நீங்கள் இன்று காலை இங்கே வருகிற வழியில் ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள் என்று இங்கலிஸ் சொன்னாள். அவன் பேசினானாம். வந்ததிலிருந்து நீங்கள் என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை, அந்தத் தண்ணீர்க் கோப்பையைத்தான் திருப்பித் திருப்பி வைக்கிறீர்கள். நான் என் பங்கை ஒளிக்காமல் சொல்லிவிட்டேன். எனக்கு வேண்டியது ஒன்றுதான். தென்மேற்கு அட்டவணையில் அந்தக் கழித்தலைப் போட்டவன் தான்தான் என்று அவன் ஒப்புக்கொண்டானா, இல்லையா? ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லுங்கள். எத்தனை வருஷமாக எல்லோரும் என் தோளைத் தட்டிக்கொண்டே இருக்கிறார்கள் தெரியுமா?

ஏன் பதிவுக் கருவியை நிறுத்துகிறீர்கள்?

"காத்தாடிங்க மூஞ்சியத் திருப்பிக்கிட்ட அன்னிக்கு நீங்க மேற்கை மட்டும்தான் திருத்துனீங்க, ஹோல்கெர். தென்மேற்கு அப்படியே கெடந்துச்சு. உங்க தம்பி செத்த பிறகுதான் தோர்கில் அதைப் பாத்திருக்காரு. இத உங்ககிட்ட மட்டும் சொல்லிராதீங்கன்னு இன்னிக்குக் காலையிலயும் என் கையப் பிடிச்சுக் கேட்டாரு. அவரு சுட்டாரே ஒரு கேக்கு, அது உங்களோடது."